ஃபோர் வீல் விட மாட்டேங்குதா? பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

ஐப்பசியில நல்ல மழை ரெண்டு விழுந்துட்டாப் போதும், கோவில்பட்டி பட்டறைகள்ல இந்தப் புகார் வந்து நிக்கும்: "ஃபோர் வீல் போட்டேன், விழுந்துச்சு. காட்டை விட்டு வெளிய வந்தாச்சு, இப்ப லீவர் வர மாட்டேங்குது." கயத்தாறு பக்கம் காத்தாலை வேலைக்குப் போன கேம்பரா இருக்கும். புதூர், விளாத்திகுளம் பக்கம் மக்காச்சோளத்துக்கு உரம் கொண்டுபோன பொலீரோவா இருக்கும். எட்டயபுரத்துல யாரோ ஆசையா வச்சுக் காப்பாத்துற பழைய ஜீப்பா இருக்கும். எந்த வண்டியா இருந்தாலும் அடுத்து வர்ற பேச்சு ஒண்ணுதான்: "பெட்டி போயிருச்சு போல. இறக்கிப் பாத்துருவோமா?"

இறக்காதே தம்பி. டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கி ஏத்துற கூலி சின்னக் காசு இல்ல. அதைவிட, நல்லா இருக்கிற பெட்டியைப் பிரிச்சுப் பூட்டுனா புதுசா ஒரு ஒழுகலோ சத்தமோ கூடவே வர வாய்ப்பு இருக்கு. ஃபோர் வீல் விடலைன்னா பெட்டி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. நம்ம ஊர்ல அதுக்கு முதல் சந்தேகம் தார் ரோடு, ரெண்டாவது சந்தேகம் டயர், மூணாவது காய்ஞ்ச கரிசல் மண். இந்த மூணையும் கழிச்ச பெறகுதான் பெட்டிப் பக்கமே போகணும். காட்டுக்கு வண்டி எடுத்துட்டுப் போற தங்கச்சிகளுக்கும் சேத்துத்தான் சொல்றேன். இதுக்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். ஒரு ஜாக்கி, நாலு கட்டை, ஒரு சாக்பீஸ், ஒரு டார்ச் இருந்தாப் போதும்.

ஏன் பிடிச்சுக்குதுன்னு புரிஞ்சுட்டா பாதி பயம் போயிரும். நம்ம பக்கம் ஓடுற கேம்பர், ஜீப், பழைய தார் வண்டி இதெல்லாம் தேவைக்கு மட்டும் ஃபோர் வீல் போடுற ரகம். முன் ஆக்ஸில்ல ஒரு டிஃபரன்ஷியல் இருக்கு, பின் ஆக்ஸில்ல ஒண்ணு இருக்கு. ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது. லீவரை 4ஹெச்-ல, அதாவது ஃபோர் வீல்ல, போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்துல சுத்தியே ஆகணும்னு பூட்டிக்குது. ஆனா வண்டி வளையும்போது முன் சக்கரங்க பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்க சின்ன வட்டம் போடும். அப்ப முன்னாடி அதிகம் சுத்தணும், பின்னாடி கம்மியா சுத்தணும். சேத்துல இருக்கும்போது ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தை அங்கங்கயே தீத்துக்கும். தார் ரோட்டுல வழுக்க வழி இல்ல. அந்த வித்தியாசம் முழுக்க ஷாஃப்ட்லயும் பல்லுலயும் முறுக்கா ஏறி நிக்கும். கிணத்து வடத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு முறுக்கிக்கிட்டே போனா முடிச்சு எப்படி இறுகும், அப்படி. பெட்டிக்குள்ள இருக்கிற ஸ்லீவ் நகர்ந்தாத்தான் ஃபோர் வீல் விடும். பல்லு ரெண்டும் ஒண்ணையொண்ணு நெரிச்சுக்கிட்டு நிக்கும்போது அது எப்படி நகரும்? லீவரைக் காலால உதைச்சா நெரிசல் போகாது, உள்ள இருக்கிற ஃபோர்க்குதான் வளையும்.

கரிசல்ல இது ஏன் அதிகம்? நம்ம காட்டுப் பாதையில சேறு முடியுற இடத்துலயே தார் தொடங்கிரும். சேத்துல தவிச்சு வந்த நிம்மதியில, ஃபோர் வீலை எடுக்காமயே ரோட்டுல ஏறி, ஒடிச்சு ஒரு திருப்புத் திருப்புவோம். ஏறுறதும் திருப்புறதும் ஒரே நேரத்துல நடக்குது. முறுக்கு ஏற அந்த ஒரு திருப்பமே போதும்.

அதனால முதல் வைத்தியம், பின்னாடி எடுக்கிறது. ஸ்டீயரிங்கை நேராக்கு. லீவரை 2ஹெச், அதாவது ரெண்டு சக்கர ஓட்டத்துப் பக்கம் லேசா அழுத்திப் பிடி. அடிக்காதே, தள்ளாதே, கை பாரம் மட்டும் குடு. ரிவர்ஸ் போட்டு மெதுவா பத்துப் பதினஞ்சு அடி நேரா பின்னாடி வா. முன்னாடி போகும்போது ஏறுன முறுக்கு பின்னாடி வரும்போது அவிழும். நடுவுல ஒரு நொடி பல்லு லேசாகும்போது லீவர் "டக்"னு தானா வந்துரும். வரலைன்னா, பின்னாடி வர்றப்பவே ஸ்டீயரிங்கை லேசா இடது, வலதுன்னு திருப்பிக் குடு. அதுக்கும் வரலைன்னா ரோட்டோரத்து மண்ணுல ரெண்டு சக்கரத்தை இறக்கி, முன்னாடி பின்னாடி ரெண்டு தடவை போயிட்டு வா. நெடுஞ்சாலை 44-ல நின்னுக்கிட்டு இந்த ரிவர்ஸ் வேலை பாக்காதே. சர்வீஸ் ரோட்டுக்கோ பெட்ரோல் பங்க் ஓரத்துக்கோ ஒதுங்கி, பின்னாடி ஒருத்தரை நிறுத்திட்டுச் செய்.

இதுலயே விட்டுருச்சுன்னா உன் வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போ.

பழைய ஜீப் வச்சிருக்கிறவங்களுக்கு இங்க ஒரு விஷயம் தனியாச் சொல்லணும். மகிந்திரா கம்பெனி 1940களோட கடைசியில வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுல பூட்ட ஆரம்பிச்சது. அந்த வம்சத்து வண்டிகள்ல ரெண்டு குட்டி லீவர் இருக்கும். ஒண்ணு முன் ஆக்ஸிலைச் சேக்க, இன்னொண்ணு ஹை, லோ மாத்த. லோவுல இருக்கும்போது முன் ஆக்ஸிலைக் கழட்ட முடியாதபடி உள்ள ஒரு தடுப்பு வச்சிருப்பாங்க. லோவுல மொத்த இழுவையும் பின் ஆக்ஸில் தலையில மட்டும் விழுந்துறக் கூடாதேங்கிறதுக்காக. ஆகவே முதல்ல வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை மிதிச்சு, லோவுல இருந்து ஹைக்கு மாத்து. அப்புறம் மத்த லீவரை இழு. "சிக்கிக்கிச்சு"ன்னு வர்ற பழைய ஜீப்புகள்ல சிலதுக்கு இது மட்டுந்தான் விஷயம். ஒத்தை லீவர் வண்டியிலயும் 4எல்-ல இருந்து வெளிய வர்றதுன்னா வண்டி நிக்கணும், கிளட்ச் முழுசா மிதிச்சிருக்கணும்.

இப்ப டயருக்கு வரேன். இதைச் சொன்னா யாரும் லேசுல நம்ப மாட்டாங்க. அதனால கணக்காவே சொல்றேன். பின்னாடி புது டயர், முன்னாடி தேஞ்ச டயர்னு வை. ஆரத்துல 5 மில்லிமீட்டர் வித்தியாசம்னா சுத்தளவுல சுமார் 31 மில்லிமீட்டர் குறையும். டயரோட சுத்தளவு ரெண்டே கால் மீட்டர்கிட்ட இருக்கும்னா, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுத்து. பெருக்கிப் பாரு, கிலோமீட்டருக்கு 14 மீட்டர் வித்தியாசம். நேர் ரோட்டுல, ஸ்டீயரிங்கைத் திருப்பாம போனாலும் இந்த முறுக்கு ஏறிக்கிட்டே இருக்கும். ரிவர்ஸ் எடுத்து விடுவிச்ச வண்டி அடுத்த தடவையும் இதே மாதிரி பிடிச்சுக்குதுன்னா முதல்ல டயரைப் பாரு. நாலும் ஒரே அளவா? பக்கவாட்டுல எழுதியிருக்கிற நம்பர் நாலுலயும் ஒண்ணுதானா? ரெண்டு ஒரிஜினல், ரெண்டு ரப்பர் ஒட்டுனதுன்னு கலந்து ஓடுதா? காத்து சரியா இருக்கா? பின்னாடி மூட்டை ஏத்தி, காத்தும் கம்மியா இருந்தா, பின் டயர் அமுங்கி அதோட அளவும் குறையும். ஃபோர் வீல் வண்டிக்கு டயர் மாத்துனா நாலையும் சேத்து மாத்தணும். கையில காசு இடிக்குதுன்னா, நாலையும் இடம் மாத்தி மாத்திப் போட்டு ஒரே அளவுல தேய வை. ரெண்டை மட்டும் மாத்துறது அப்போதைக்குச் சிக்கனமாத் தெரியும். பெட்டிக்குள்ள இருக்கிற செயினும் பல்லும் அந்தக் காசைத் திருப்பி வாங்கிரும்.

சிக்கியிருக்கிறது எது? விளக்கா, பெட்டியா, ஹப்பா?

ரிவர்ஸ் வைத்தியத்துக்கு மசியலைன்னா இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதே. டேஷ்போர்டுல ஃபோர் வீல் விளக்கு எரியுதுன்னு மட்டும் சொல்லிட்டு வர்ற வண்டிகள்ல, ஃபோர் வீல் உண்மையில எப்பவோ விட்டிருக்கும். பெட்டி மேல இருக்கிற சின்ன சுவிட்சுக்குள்ள சேத்துத் தண்ணி போயி விளக்கு மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும். நேர் எதிரா, விளக்கு அணைஞ்சிருக்கும், பெட்டி விடாம இருக்கும். அதனால விளக்கை நம்பாதே, வண்டியைக் கேளு. காலி மைதானத்துல, கெட்டியான தரையில, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ரொம்ப மெதுவா ஒரு வட்டம் போடு. உண்மையிலேயே ஃபோர் வீல்ல இருந்தா வண்டி யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி நிக்கப் பாக்கும், ஸ்டீயரிங் கனக்கும், டயர் கீச்சுன்னு சத்தம் குடுத்து எகிறும். சுகமாத் திரும்புச்சுன்னா விளக்கு சுவிட்சைத்தான் பாக்கணும்.

ஒரு எச்சரிக்கை. இழுக்கிறது எல்லாம் ஃபோர் வீல் இல்ல. ஒரு சக்கரத்துல பிரேக் விடாம பிடிச்சிருந்தாலும் வண்டி இழுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி, ஒவ்வொரு ரிம் பக்கத்துலயும் கையைக் கொண்டுபோ. தொட வேண்டாம், பக்கத்துல கொண்டுபோனாலே தெரியும். ஒண்ணு மட்டும் கொதிச்சா அது பிரேக் வேலை, இல்லைன்னா பேரிங்.

இனி ஜாக்கிச் சோதனை. வண்டியைச் சமதளத்துல நிறுத்து. கரிசல் தரையில ஜாக்கி வச்சா அது உள்ள இறங்குமே தவிர வண்டி மேல ஏறாது. அதனால சிமெண்டுத் தரைக்கு வா, இல்லைன்னா அடியில கனமான பலகை போடு. பின் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் கட்டை வை. ஹேண்ட் பிரேக்கைப் போடு, ஆனா அதை மட்டும் நம்பாதே. பழைய வில்லிஸ் ரக ஜீப்ல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்ல, ஷாஃப்ட்ல பிடிக்கும். அதுல ஒரு பின் சக்கரத்தைத் தூக்குனா பிரேக் இருந்தும் இல்லாத கணக்கு. அதே மாதிரி டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல்ல கிடந்தா வண்டியைக் கியர்ல போட்டு நிறுத்துனாலும் உருளும். கட்டைதான் உன் உயிருக்குக் காவல்.

லீவரை 2ஹெச்-ல வை. வரலைன்னா இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். மெயின் கியர் நியூட்ரல். இப்ப முன் சக்கரம் ஒண்ணை மட்டும் தூக்கு. தூக்கும்போது சக்கரத்துல கை வைக்காதே. உள்ள முறுக்கு இருந்தா தரையை விட்டதும் சக்கரம் படக்குன்னு ஒரு சுத்துச் சுத்தி நிக்கும், விரலை வாங்கிரும். அப்படிச் சுத்துனா அதுவே பதில்தான், முறுக்கு அவிழ்ந்துருச்சு. லீவரை இப்ப போட்டுப் பாரு, வந்துரும்.

சுத்தாம நின்னா, கையால சுத்திப் பாரு. வண்டிக்கு அடியில போகாம, பக்கத்துல உக்காந்து டார்ச் அடிச்சு முன் ஷாஃப்ட்டைக் கவனி. அதுல முன்கூட்டியே சாக்பீஸால ஒரு கோடு போட்டு வச்சிருந்தா சுத்துறது நல்லாத் தெரியும். சக்கரம் லேசாச் சுத்துது, ஷாஃப்ட் அசையலைன்னா அந்தப் பக்க ஹப், அதாவது முன் சக்கரத்தை ஆக்ஸிலோட சேத்து விடுற பூட்டு, விட்டிருக்கு. அடுத்த பக்கத்தையும் இதே மாதிரி பாரு. சக்கரமும் சுத்துது, கூடவே ஷாஃப்ட்டும் சுத்துதுன்னா ஹப் விடல, ஆனா பெட்டி விட்டிருச்சு. சக்கரம் கொஞ்சம் ஆடி அதுக்கு மேல நகரவே மாட்டேங்குதுன்னா பெட்டி இன்னும் ஃபோர் வீல்லதான் இருக்கு.

இதுல ரெண்டாவது நிலையைப் பாத்துப் பலபேர் பயந்துருவாங்க. ஹப்பே இல்லாம சக்கரத்தோட நிரந்தரமாப் பூட்டுன பழைய ஜீப்ல முன் ஷாஃப்ட் எப்பவும் சுத்தத்தான் செய்யும். 2ஹெச்-ல ஓடும்போது சக்கரம் ஷாஃப்ட்டைச் சுத்துது, எஞ்சின் சுத்தல. கொஞ்சம் டீசல் கூடச் செலவாகும், அவ்வளவுதான். அதுக்காக யாராவது பெட்டியை இறக்கச் சொன்னா ஒத்துக்காதே.

ஹப்தான் விடலைன்னா, கையால திருகுற ரகமா தானாப் பூட்டுற ரகமான்னு பாரு. கை ரகம்னா நடுவுல இருக்கிற திருகு முழுசா "ஃப்ரீ" வரைக்கும் போயிருக்கணும், ரெண்டு பக்கமும். தானாப் பூட்டுற ரகத்துல லீவரை 2ஹெச்-க்குக் கொண்டுவந்துட்டு, நேரா சில மீட்டர் பின்னாடி வந்தாத்தான் ஹப் விடும். இது தெரியாம முன்னாடியே ஓட்டிக்கிட்டுப் போனா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் ஷாஃப்ட் சுத்திக்கிட்டே இருக்கும். எத்தனை மீட்டர்ங்கிறது வண்டி கூடக் குடுத்த புத்தகத்துல இருக்கு. பின்னாடி வந்தும் விடலைன்னா ஹப்பைக் கழட்டிக் கழுவணும். உள்ள கரிசல் சேத்துத் தண்ணி இறங்கி, பழைய கிரீஸோட சேந்து கட்டியாகி, ஸ்பிரிங்கை நகர விடாது. கழுவிட்டு அள்ளி அப்பாதே. கிரீஸ் அதிகமானாலும் இதே வியாதிதான் வரும்.

பெட்டிதான் விடலைங்கிற முடிவுக்கு வந்துட்டியா? அப்பவும் பெட்டிக்கு வெளியில இருந்து தொடங்கு.

லீவர் ரகம்னா, லீவருக்குக் கீழ இருந்து பெட்டிக்குப் போற கம்பியையும் இணைப்பையும் பாரு. இங்கதான் நம்ம மண்ணோட குணம் தெரியணும். கோவில்பட்டியில 1901-லயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வச்சு ஆராய்ஞ்ச மண் இது. ஈரம் பட்டா ஊதும், காய்ஞ்சா சுருங்கி வெடிக்கும். அடுக்கடுக்கா ஒட்டிக்கிட்டு வந்து, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில இடமே இல்லாம அடைச்சுக்கும். அந்த மண்ணுதான் வண்டி அடியில லீவர் இணைப்பைச் சுத்தியும் அப்புது. மறுநாள் எஞ்சின் சூட்டுலயும் வெயில்லயும் காய்ஞ்சதும் சுத்தியல் வச்சுத் தட்டுனாத்தான் உதிரும். லீவர் முக்கால் தூரம் வந்து நின்னுருதுன்னா இதுதான் காரணமா இருக்கும். காய்ஞ்ச கட்டியைக் கம்பி வச்சு நெம்பாதே, பக்கத்துல ஹோஸ், வயர் எல்லாம் போகுது. ஈரச் சாக்கைச் சுத்தி ராத்திரி முழுக்க ஊற விடு. காலையில கையாலயே பிதுக்கி எடுத்துறலாம். அப்புறம் இணைப்புல எண்ணெய் விட்டு, புஷ் தேஞ்சு ஆடுதான்னு பாரு. லீவரைச் சுத்தியிருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சிருந்தா உடனே மாத்து. விலை கொஞ்சந்தான், அது கிழிஞ்சு கிடந்தா அடுத்த மழையில இதே கதை திரும்பும்.

லீவருக்கு எட்டாத இடத்துல வேக்கம் வச்சு முன் ஆக்ஸிலைச் சேக்கிற வண்டியும் இருக்கு. டீசல் வண்டியில இந்த வேக்கத்தைத் தர்ற பம்பு, பலதுல ஆல்டர்னேட்டர் முதுகுலயே இருக்கும். பிரேக்குக்கும் அதே வேக்கம்தான் போகுது. அதனால ஃபோர் வீலும் விடல, பிரேக் பெடலும் கட்டையா இருக்குன்னா ரெண்டுக்கும் காரணம் ஒண்ணாவே இருக்கலாம். அப்ப ஃபோர் வீலை மறந்துட்டு முதல்ல பிரேக்குக்காகப் பட்டறைக்குப் போ. பிரேக் நல்லா இருக்குன்னா, எஞ்சினை ஓட விட்டு, ஆக்ஸிலுக்குப் போற ஹோஸைக் கழட்டி முனையில விரலை வை. இழுக்கணும். இழுக்கலைன்னா ஹோஸோட முழு நீளத்தையும் தடவிப் பாத்துக்கிட்டே வா. விரிசலா இருக்கும், இல்லைன்னா எலி கடிச்சிருக்கும். மக்காச்சோளம், உளுந்து மூட்டை அடுக்குற கொட்டகையில வண்டியை நிறுத்துறவங்க எலியை மறக்கக் கூடாது. சில வண்டியில சேக்க ஒரு ஹோஸ், விட ஒரு ஹோஸ்னு ரெண்டு இருக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணுல நூல் கட்டி அடையாளம் வை. மாத்திச் சொருகிட்டா நல்ல வண்டியும் தலைகீழா நடந்துக்கும்.

திருகு சுவிட்ச் வச்ச வண்டி, ஸ்கார்ப்பியோ, இசுஸு வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி, அதுக்கு முதல் கருவி உன் காதுதான். சாவியைப் போட்டு, ஸ்டீரியோவை அணைச்சு, 2ஹெச்-க்குத் திருகும்போது அடியில மோட்டார் முனகுற சத்தம் கேக்குதான்னு பாரு. சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், பேட்டரி முனை, எர்த் வயர், மோட்டார் கனெக்டர்னு வரிசையாப் பாரு. கனெக்டரைக் கழட்டுனா உள்ள காய்ஞ்ச சேறோ பச்சைக் களிம்போ இருக்கும். பேட்டரி வயரைக் கழட்டிட்டு, கனெக்டரைத் துடைச்சு, நல்லாக் காய வச்சுச் சொருகு. சத்தம் கேக்குது ஆனா விளக்கு மினுங்கிக்கிட்டே இருக்குன்னா, மோட்டார் தள்ளப் பாக்குது, பல்லு விடலைன்னு அர்த்தம். நேரா மெதுவா ஓட்டிப் பாரு, பின்னாடி எடுத்துப் பாரு. அதுக்கும் மினுக்கம் நிக்கலைன்னா ஸ்கேனர் வச்சிருக்கிற இடத்துக்குத்தான் போகணும். அந்த வண்டியை அனுமானத்துல பிரிக்கக் கூடாது. வாட்டர் சர்வீஸ் விடும்போது, அடியில மோட்டார், கனெக்டர் பக்கம் பீச்சியடிக்க வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லு.

எண்ணெயையும் பாத்துரு. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கவாட்டுல, மேல இருக்கிற பிளக்கைக் கழட்டி விரலை விட்டா விளிம்புல எண்ணெய் தட்டணும். வெளுத்துப் போயிருந்தா தண்ணி கலந்திருக்கு. வைப்பாத்துலயோ ஓடையிலயோ சூடான வண்டியை இறக்குனா பெட்டிக்குள்ள காத்து சுருங்கும். மூச்சுக் குழாய் மண்ணு அடைச்சிருந்தா, அந்த இழுப்புல சீல் வழியாத் தண்ணி உள்ள போகும். 2023 டிசம்பர் 17, 18-ல பேஞ்ச பேய்மழை ஞாபகம் இருக்குமே. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 94 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அப்படி வெள்ளத்துல நின்ன வண்டின்னா ஓடுதேன்னு விட்டுறக் கூடாது. பெட்டி, முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் மூணுலயும் எண்ணெயை மாத்தியே ஆகணும். எந்த எண்ணெய்ங்கிறதுக்குப் புத்தகம்தான் பேசணும். சில பெட்டிக்குக் கனமான கியர் ஆயில், சிலதுக்கு மெலிசான ஏ.டி.எஃப். பட்டறையில எது கையில கிடைக்குதோ அதை ஊத்த விடாதே.

இத்தனையும் பாத்து, டயர் சரி, வெளி இணைப்பு சரி, ஜாக்கியில தூக்கியும் விடல, எண்ணெய்ல இரும்புத் துகள் மின்னுதுன்னா, அப்ப உள்ள ஃபோர்க் வளைஞ்சிருக்கும், இல்லைன்னா ஸ்லீவ் பல்லு நைஞ்சிருக்கும். அது பெட்டியை இறக்குற வேலைதான். தயங்காம குடு. ஆனா "ஃபோர் வீல் விடல"ன்னு மொட்டையாச் சொல்லிட்டு வராதே. ஜாக்கியில தூக்குனப்ப என்ன ஆச்சு, எந்த ரோட்டுல, என்ன திருப்பத்துல பிடிச்சுது, டயர் எப்ப மாத்துனது, எல்லாம் சொல்லு. நல்ல மெக்கானிக் அதைக் காது குடுத்துக் கேப்பாரு. பிரிச்ச பெறகு கழட்டுன சாமானைக் காட்டச் சொல்லிக் கேளு. கேக்குறது மரியாதைக் குறைவு இல்ல.

பட்டறை வரைக்கும் எப்படிப் போறது? கை ஹப் இருக்கிற வண்டின்னா ரெண்டையும் ஃப்ரீயில திருகிவிட்டு நிம்மதியாப் போகலாம். முறுக்கு இருக்கும்போது திருகு நகராது, முதல்ல ரிவர்ஸ். ஹப் இல்லாத வண்டியில, ரெண்டு முனையிலயும் ஃப்ளேஞ்ச் வச்ச முன் ஷாஃப்ட்டா இருந்தா, போல்ட்டைக் கழட்டி ஷாஃப்ட்டையே எடுத்து வண்டியில போட்டுக்கிட்டுப் பின் சக்கரத்துல ஓட்டிப் போகலாம். கழட்டும் முன்னாடி கட்டை வை, முறுக்கை விடுவி. பெட்டிக்குள்ள சொருகி நிக்கிற ஷாஃப்ட்டா இருந்தா உருவுனதும் எண்ணெய் கொட்டிரும், அதைத் தொடாதே. நடுவுலயும் டிஃபரன்ஷியல் வச்சு எப்பவும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு இந்த வழியே கிடையாது. இழுவை வண்டிக்குக் குடுக்கிறதுன்னா நாலு சக்கரமும் மேல ஏறுற வண்டியா வரச் சொல்லு. ஃபோர் வீல்ல சிக்குன வண்டியை ரெண்டு சக்கரத்தைத் தூக்கி மத்த ரெண்டை உருட்டி இழுத்தா, பெட்டி நல்லா இருந்தாலும் கெட்டுரும்.

டிராக்டர்க்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபோர் வீல் டிராக்டர் இப்ப நம்ம பக்கம் ஊர் ஊருக்கு இருக்கு. அதுல முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம், நூத்துக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும், கூடுதலா ஓடுற மாதிரிதான் வடிவமைப்பே. உழவுல முன்பக்கம் இழுத்துக்குடுக்க அது வேணும். அதே டிராக்டர் டிரெய்லரை மாட்டிக்கிட்டு ஃபோர் வீலை எடுக்காம தார் ரோட்டுல போச்சுன்னா, நேரா போனாலும் முறுக்குதான். முன் டயர் தேய்ஞ்சு பல்லுப் போறதும் லீவர் வராததும் அதனாலதான். முன் டயரை மட்டும் வேற அளவுல மாத்துனா அந்தக் கணக்கும் கெட்டுரும். கம்பெனி சொன்ன ஜோடியாத்தான் போடணும்.

இனி வராம இருக்க ரெண்டு பழக்கம். காட்டை விட்டு வெளிய வர்றப்ப, தார் தொடங்குறதுக்கு முன்னாடி, சேறு கொஞ்சம் இருக்கும்போதே, ஸ்டீயரிங்கை நேரா வச்சு, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்து, 2ஹெச்-க்கு மாத்து. சேத்துல இருக்கும்போது அது விரலுக்கு வரும். இன்னொண்ணு, தை முடிஞ்சு மழை வெறிச்சுட்டா அடுத்த புரட்டாசி வரைக்கும் அந்த லீவரை யாரும் தொடுறது இல்ல. எட்டு மாசம் அசையாத இணைப்பு துருப்பிடிக்காம என்ன செய்யும்? மாசம் ஒரு தடவை மண் பாதையில 4ஹெச், 4எல் ரெண்டும் போட்டு, கொஞ்ச தூரம் நேரா ஓட்டி எடு.

வாடகைக்கு வண்டி விடுறவங்ககிட்டயும், காத்தாலைக்கு டிரைவர் வச்சு ஓட்டுறவங்ககிட்டயும் ஒண்ணு கேட்டுக்கிறேன். புது டிரைவர் கையில சாவி குடுக்கும்போது, டீசலும் கிலோமீட்டரும் சொல்ற கையோட, இந்த லீவரை எப்பப் போடணும், எங்க எடுக்கணும்னு பக்கத்துல உக்காந்து ஒரு தடவை ஓட்டிக் காட்டிருங்க. அது தெரியாததுக்காக ஒரு ஏழைப் பையன் சம்பளத்துல பெட்டி செலவைப் பிடிக்காதீங்க.